எத்தனை டன் என்று கேட்பதற்கு முன்

சயானிலும் தாராவியிலும் உழைத்து ஊரில் சின்ன டிராக்டர் வாங்கிப் போட்டவர்கள், அதற்கு விறகு பிளக்கும் மிஷின் தேடும்போது பார்க்க வேண்டியவை

விறகு பிளக்கும் மிஷின் விற்பவரிடம் போய் நின்றால், "எத்தனை டன் வேணும்ணே?" என்றுதான் முதலில் கேட்பார். நாமும் கையில் இருக்கும் பணத்தைப் பார்த்து பத்து என்போம், இருபது என்போம். பெரிய எண் சொன்னால் பெரிய மிஷின், பெரிய மிஷின் என்றால் எந்தக் கட்டையும் பிளந்துவிடும் என்று மனசு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் நம் டிராக்டர் எங்கேயும் வருவதில்லை. 15 குதிரைத்திறன் வண்டிக்குப் பின்னால் 25 டன் மிஷினை மாட்டினாலும் அது பிளக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு தடவை முன்னே போய்த் திரும்பி வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். பழகிய கோடாலிக்காரர் அதற்குள் நாலு கட்டையைப் பிளந்து தள்ளியிருப்பார்.

சயானில் இருந்துகொண்டு விறகு மிஷினைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றலாம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தாராவித் தோல் பட்டறைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று சயான், மாட்டுங்கா, செம்பூர், ஆன்டாப் ஹில் என்று பரவியிருக்கிறார்கள். தோல் பதனிடும் பட்டறைகள் பெரும்பாலும் போய்விட்டன, ஊர் நிலம் பலருக்கு இன்னும் போகவில்லை. தம்பியோ மச்சானோ பார்த்துக்கொள்ளும் அந்த நிலத்துக்கு மாதாமாதம் இங்கிருந்து பணம் போகிறது. வாழைக்கும் தென்னைக்கும் நடுவே நுழைந்து வரும் சின்ன டிராக்டர்களில் பல அப்படிப் போன பணத்தில் வந்தவை. மஹிந்திரா யுவராஜ், ஸ்வராஜ் 717, வி.எஸ்.டி., குபோட்டா, ராஜ்கோட்டில் தயாராகும் கேப்டன் என்று வீட்டுக்கு வீடு பெயர் மாறும். மஹிந்திராவின் டிராக்டர் கதை தொடங்கியதே மும்பையில்தான். 1963-ல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. காந்திவலி ஆலை அந்தக் காலத்திலிருந்து வருவது.

இந்தச் சின்ன வண்டி உழவு முடிந்தால் கொட்டகையில் நிற்கிறது. தவணை மட்டும் நிற்பதில்லை. தோட்டத்தில் விழுந்து கிடக்கும் மரம், வரப்போரத்துக் கருவை, பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தின் அடுப்பு எல்லாம் கண்ணில் பட்டதும், வண்டிக்குப் பின்னால் ஒரு விறகு மிஷினை மாட்டிவிட்டால் என்ன என்ற யோசனை வருகிறது. யோசனை நல்லதுதான். எந்த மிஷின் என்பதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள், சிலர் விரலை விடுகிறார்கள்.

விறகு யாருக்குப் போகிறது?

மிஷினைப் பார்க்குமுன் சந்தையைப் பாருங்கள். சயானிலேயே தொடங்கலாம். இங்கே மயானத்துக்கு விறகு வருகிறது. ஓர் உடலுக்கு 300, 400 கிலோ வேண்டும். தாராவிக் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளைகள் இருக்கின்றன. அவற்றில் எரிவதில் பெரும்பங்கு பஞ்சுக் கழிவும் மரத்தூளும் துண்டு மரமும்தான். பிளந்த கட்டைக்கு அங்கே அதிக வேலை இல்லை. அடுத்து பாவ் சுடும் பேக்கரிகள். மும்பையின் விறகுக்கு நெடுங்காலம் பெரிய வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.

அந்தக் கதவு மூடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரி 9-ம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம், மும்பையின் காற்று மாசு பற்றித் தானே முன்வந்து எடுத்த வழக்கில், விறகிலும் கரியிலும் ஓடும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் கேஸ் போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. இனி விறகு, கரி அடுப்புகளுக்குப் புதிதாக அனுமதி கிடையாது என்றும் சொன்னது. மாநகராட்சி அதை வைத்து பேக்கரிகளுக்கும் தந்தூர் அடுப்பு வைத்த ஓட்டல்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. புகை சூழ்ந்த சந்துகளில் குழந்தைகளோடு வாழ்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி. நானும் அந்தப் பக்கம்தான். ஆகவே கர்ஜத்திலோ பன்வெல் பக்கத்திலோ துண்டு நிலம் வாங்கி, மும்பைக்கு விறகு அனுப்பிச் சம்பாதிக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டால் அதை இன்றே கைவிடுவது நல்லது.

ஊர்ப்பக்கத்தில் நிலைமை வேறு. கல்யாணச் சமையலும் கோயில் கொடையின் அன்னதானமும் இன்னும் விறகை விடவில்லை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டைத் தொழில், ஊர் மயானங்கள் என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மரம் போகும் எல்லா இடமும் பிளந்த விறகு போகும் இடமல்ல. சவுக்கும் யூகலிப்டஸும் காகித ஆலைக்கு உருட்டாகவே போகும். உயிரி மின்நிலையங்கள் மரத்தைச் சீவல் சீவலாக அரைத்துக்கொள்ளும். ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கம் கரி மூட்டம் போடுகிறவர்கள் கருவைக் கம்புகளை அப்படியே அடுக்குவார்கள். அவர்கள் பிளப்பது தூர்க்கட்டைகளை மட்டும்தான்.

பிளந்து காய்ந்த விறகின் அருமையை நன்றாக அறிந்தவை நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தொழிற்சாலைகள். கொழுந்தை வாட்டுவதற்கும் தூளை உலர்த்துவதற்கும் சூடான காற்று வேண்டும். அந்தச் சூட்டைப் பெரும்பாலும் யூகலிப்டஸ் விறகுதான் தருகிறது. குன்னூர் வட்டாரச் சிறு தொழிற்சாலைகளில் விறகுச் செலவையும் மின்செலவையும் குறைப்பதற்கென்றே ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஒரு தனித் திட்டம் சில ஆண்டுகள் நடந்தது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீராக இருக்கும். அதை அடுப்பில் வைத்தால் தீ முதலில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது, பிறகுதான் காற்றைச் சுடுகிறது. பட்டை மூடிய உருட்டுக்கட்டை மாதக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஈரம் போகாது. நாலாகப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் மழைக்கு மறைத்து வைத்தால் அதே மரம் மிகச் சீக்கிரம் காய்கிறது, புகையும் குறைகிறது. விறகு மிஷினால் வரும் உண்மையான லாபம் இந்த உலர்ச்சியில் இருக்கிறது. கூலி மிச்சம் அதற்கு அடுத்ததுதான்.

உங்கள் தோட்டத்து மரம் எது?

மிஷின் விளம்பரங்களில் வெள்ளை வெளேரென்ற கட்டை ஒரே தட்டில் இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது பின்லாந்து, ஆஸ்திரியா போன்ற குளிர் நாடுகளின் பிர்ச், பீச் மரம். நூல் பிடித்தாற்போல இழை நேராக ஓடும். இந்த மிஷின்கள் பிறந்ததும் அந்த மரங்களுக்காகத்தான். நம் தோட்டத்தில் நிற்பது புளி.

கறிக்கடையில் வெட்டுவதற்குப் போட்டிருக்கும் அடிக்கட்டையை நினைத்துப் பாருங்கள். வருஷக்கணக்காகக் கத்தி விழுந்தும் பிளக்காமல் கிடக்கிறதே, அது புளியங்கட்டை. பிளக்காது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த மரம். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வேம்பும் தூங்குமூஞ்சியும் கிட்டத்தட்ட அதே குணம். நாட்டுக் கருவேலம் வைரம் பாய்ந்துவிட்டால் இரும்புதான். சவுக்கு கடினமானாலும் நேராகப் பிளக்கும். மா இளகிய மரம், ஆனால் கணுவில் முரண்டு பிடிக்கும். யூகலிப்டஸைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காயவிட்டால் அது வேறு மரமாகிவிடும்.

சீமைக் கருவைக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வேரோடு எடுக்கச் சொன்னதிலிருந்து தென் மாவட்டங்களில் அந்தப் பேச்சு ஓயவில்லை. வெட்டிய கருவையை விறகாக்கி விற்கலாம் என்று மிஷின் வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் கருவையில் பாதிக்கு மேல் கை கனம், தொடை கனக் கம்புகள். அவற்றைப் பிளக்கத் தேவையே இல்லை, அறுத்தால் போதும். அதற்கு விறகு மிஷினைவிட நல்ல அறுப்பு மிஷின்தான் உதவும். முள்ளும் கோணலுமான கட்டை மிஷின் மேடையில் சரியாக உட்காரவும் உட்காராது.

தென்னைக்கும் வாங்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் சாய்த்த தென்னைகளை எண்ணி மாளாது. தென்னைக்கு நம் மற்ற மரங்களைப் போல வளையமும் வைரமும் கிடையாது, நார்க்கட்டுதான். ஆப்பு உள்ளே போகும், கட்டை நசுங்கும், பிரியாது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தபோது கடலூர் மாவட்டத்தில் விழுந்தவை பலாவும் முந்திரியும். அந்த மாதிரி நேரத்தில்தான் ஒரு ஊருக்கு ஒரு நல்ல பிளக்கும் மிஷின் தேவைப்படுகிறது. அப்போது போய் மிஷின் தேடினால் கிடைக்காது.

ஆக, உங்கள் விறகில் பெரும்பங்கு எது என்று முதலில் தீர்மானியுங்கள். சவுக்கும் யூகலிப்டஸும் மாவும் என்றால் 7, 8 டன் போதும். புளியும் வேம்பும் கருவேலமும் என்றால் 12 டன்னை ஒட்டிப் போக வேண்டும். வருஷத்துக்கு நாலு புளியங்கட்டை வருவதற்காக 20 டன் வாங்க வேண்டாம். அந்த நாலை அறுப்பு மிஷினால் கோடு போட்டுவிட்டு, பழைய முறையில் இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வைத்துப் பிளந்துகொள்ளலாம்.

லிட்டர்தான் பேசும்

இப்போது கணக்கு. பொறுமையாகப் படித்தால் இந்த இடம் உங்களுக்குப் பல ஆயிரங்களை மிச்சப்படுத்தும்.

டன் என்பது இரண்டு விஷயங்களின் பெருக்கல்: சிலிண்டரின் பரப்பு, எண்ணெயின் அழுத்தம். 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். சின்ன டிராக்டரின் ஹைட்ராலிக் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் தருகிறது என்று வையுங்கள். பெருக்கினால் கிட்டத்தட்ட 11.8 டன். 80 மில்லிமீட்டர் சிலிண்டர் என்றால் 7.5 டன். 125 என்றால் 18.4 டன். 150 என்றால் 26.5 டன். சிலிண்டரைப் பெருக்கிக்கொண்டே போனால் டன் ஏறிக்கொண்டே போகும், டிராக்டரை மாற்றவே வேண்டாம். விற்கிறவருக்கு இது தெரியும்.

அவர் சொல்லாதது, அந்தச் சிலிண்டரை நிரப்ப எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பது. பிஸ்டன் இரண்டடி, அதாவது 600 மில்லிமீட்டர் ஓடுவதாக எடுத்துக்கொள்வோம். 80 மில்லிமீட்டர் சிலிண்டர் 3 லிட்டரில் நிறைந்துவிடும். 100-க்கு 4.7 லிட்டர். 150-க்கு 10.6 லிட்டர். சின்ன டிராக்டரின் சொந்த பம்ப் நிமிஷத்துக்கு 15 லிட்டர் தருகிறது என்றால் முதலாவது 12 விநாடியில் முன்னே வரும், இரண்டாவது 19 விநாடியில், மூன்றாவது 42 விநாடியில். திரும்பிப் போகும் நேரம் தனி. அந்த 15 லிட்டரும் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. டீசலை மிச்சம் பிடிக்க ஆக்சிலேட்டரைத் தணித்தால் பாதிதான் வரும்.

எனவே கடைக்குப் போகுமுன் உங்கள் டிராக்டரின் கையேட்டைத் திறந்து ஹைட்ராலிக் பம்ப் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், எந்த அழுத்தம் வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். கையேட்டில் தெளிவாக இல்லையென்றால் மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை எந்திரப் பரிசோதனை நிலையத்தின் சோதனை அறிக்கையைத் தேடிப் பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறனுக்கும் பி.டி.ஓ.வில், அதாவது வண்டியின் பின்னால் மிஷினைச் சுற்றும் தண்டில், நிஜமாகக் கிடைக்கும் சக்திக்கும் உள்ள வித்தியாசம் அதில் அச்சில் இருக்கும்.

டிராக்டரின் சொந்த எண்ணெயில் ஓட்டுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் வண்டிகளில் பின்னால் கூடுதல் எண்ணெய் வாய் வைத்திருந்தால் அது பெரும்பாலும் டிப்பர் டிரெய்லருக்கானது. டிரெய்லரை எண்ணெய் தூக்கும், இறங்குவது தன் எடையில். விறகு மிஷினின் பிஸ்டன் அப்படித் தானாகத் திரும்பாது, அதைப் பின்னுக்கு இழுக்கவும் எண்ணெய் வேண்டும். இரண்டு பக்கமும் வேலை செய்யும் வால்வும், திரும்பும் எண்ணெய்க்குத் தாராளமான தனி வழியும் இல்லாமல் மாட்டினால் எண்ணெய் சூடேறும், ஹோஸ் வெடிக்கவும் கூடும். மேலும் பல சின்ன டிராக்டர்களில் கியர் பெட்டியின் எண்ணெயும் ஹைட்ராலிக் எண்ணெயும் ஒன்றுதான். விறகு மிஷினின் ஹோஸ் முனையில் ஒட்டிய மரத்தூளும் மண்ணும் நேரே கியருக்குள் போகும். ஐந்து லட்சம் ரூபாய் வண்டியை ஒரு பிடி தூளுக்காக இழப்பது பெரிய கொடுமை.

இதனால் தொடர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, தன் பம்பையும் தன் எண்ணெய்த் தொட்டியையும் தானே சுமக்கும் மிஷின். கலப்பை மாட்டும் மூன்று முனை இணைப்பில் அது உட்காரும், பி.டி.ஓ. ஷாஃப்ட் பம்பைச் சுற்றும். பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று. சாதாரண கியர் பம்ப் நன்றாக எண்ணெய் தள்ள அதைப்போல மூன்று மடங்கு வேகம் வேண்டும், ஆகவே நடுவே வேகம் கூட்டும் சின்ன கியர் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பம்பை நேரே மாட்டியிருந்தால் மிஷின் ஆமை நடைதான்.

இங்கேயும் பேராசை ஆகாது. 150 கிலோ அழுத்தத்தில் நிமிஷத்துக்கு 45 லிட்டர் தள்ள 15 குதிரைத்திறன் கணக்காகவே போய்விடும், பம்பின் இழப்பையும் சேர்த்தால் 18 வரும். 20 குதிரைத்திறன் டிராக்டருக்கு பி.டி.ஓ.வில் கிடைப்பதே 17-ஐ ஒட்டித்தான். கடினக் கட்டை வந்ததும் எஞ்சின் திணறி நின்றுவிடும். 25 லிட்டர் பம்ப் என்றால் இழப்போடு 10 குதிரைத்திறனில் முடிந்துவிடும். 100 மில்லிமீட்டர் சிலிண்டர் 11 விநாடியில் முன்னே வந்து, 8, 9 விநாடியில் திரும்பும். கட்டை பாதியிலேயே பிரிந்துவிட்டால் அங்கிருந்தே திருப்பிக்கொள்ளலாம். 18 முதல் 25 குதிரைத்திறன் வண்டிக்கு இதுதான் பொருத்தமான ஜோடி.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் பிளக்கிறவர்கள் டிராக்டரின் சொந்த எண்ணெயிலேயே 80 மில்லிமீட்டர் சிலிண்டரை ஓட்டிக்கொள்ளலாம். வால்வும் ஃபில்டரும் சரியாக இருந்தால் அது போதும். எடையையும் பாருங்கள். சின்ன வண்டிகளின் பின்தூக்கு பல மாடல்களில் 750 கிலோவை ஒட்டி இருந்தாலும், 250 கிலோ மிஷின் பின்னால் தொங்கும்போது வரப்பில் ஏறினால் முன்சக்கரம் லேசாகும். முன்பக்கம் எடைக்கட்டி போட்டுக்கொள்வது நல்லது. மலைச்சரிவில் இருக்கிறவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்.

நாலாகப் பிளக்கும் நட்சத்திர ஆப்பைக் காட்டி ஆசை காட்டுவார்கள். 12 டன் மிஷினில் சவுக்குக்கு அது சரி, புளிக்கு மாட்டினால் கட்டை சிக்கி நிற்கும். ஒற்றை ஆப்பே இருக்கட்டும்.

கைகளைப் பற்றி

இதுவரை சொன்னதில் தவறினால் பணம் போகும். இனி சொல்வதில் தவறினால் போவது திரும்பி வராது.

ஊர்ப்பக்கம் விறகு மிஷின் ஓடும் இடங்களில் பெரும்பாலும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் லீவரைப் பிடிப்பார், ஒருவர் கட்டையை வைத்துப் பிடிப்பார். வேலை வேகமாக நடப்பது போல இருக்கும். விபத்து இந்த ஏற்பாட்டில்தான் பிறக்கிறது. கட்டையைப் பிடித்திருப்பவர் சரியாக வைக்க ஒரு நொடி எடுத்துக்கொள்வார், லீவர்க்காரர் "வச்சாச்சு" என்று நினைத்துத் தள்ளிவிடுவார். 12 டன்னுக்கு எலும்பும் மரமும் ஒன்றுதான். ஐரோப்பாவில் இந்த மிஷின்களுக்கென்றே இருக்கும் ஈ.என். 609 தர விதி, ஓட்டுகிறவரின் இரண்டு கைகளும் இயக்கும் பிடிகளில் இருந்தால்தான் ஆப்பு நகர வேண்டும், ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிட வேண்டும் என்கிறது. நம் சந்தையில் விற்கும் பல மிஷின்களில் ஒரே ஒரு லீவர்தான். இரண்டாவது லீவரை வைக்க ஒரு லேத் பட்டறைக்கு அரை நாள் வேலை. அதைக்கூடச் செய்யாமல் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டுக்கு இதில் பழைய பாடம் உண்டு. வடக்கே பசுமைப் புரட்சிக் காலத்தில் கதிரடிக்கும் எந்திரங்கள் பெருகியபோது, கதிரோடு கையையும் கொடுத்த கூலி ஆட்கள் ஆயிரக்கணக்கில். அதன் பிறகுதான் 1983-ல் ஆபத்தான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கைகள் போன பிறகு வந்த சட்டம். விறகு மிஷினுக்கும் அப்படி ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா?

கூம்புத் திருகு மிஷினை வாங்கவே வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பி.டி.ஓ.வில் நேராக மாட்டும் கூர்முனைத் திருகு அது. மரத்துக்குள் தானே துளைத்துக்கொண்டு போய்ப் பிளக்கும். சிலிண்டர் இல்லை, பம்ப் இல்லை, எண்ணெய் இல்லை, ஆகவே விலை மலிவு. பார்க்கவும் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அது எதைப் பிடித்தாலும் விடாது. கட்டை சிக்கிக்கொண்டால் கட்டையே சுழன்று ஆளை அடிக்கும். துண்டின் நுனியோ லுங்கியின் ஓரமோ சேலைத் தலைப்போ பட்டால் போதும். 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது சுற்று. "நிறுத்து" என்று கத்துவதற்குள் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் விறகு அடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள், சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்கள். அவர்கள் பக்கத்தில் நிற்கும் இடத்தில் இந்தத் திருகு சுழலக் கூடாது. ஹைட்ராலிக் மிஷினிலும் பி.டி.ஓ. ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்க வேண்டும். உடைந்துபோனால் புது உறை போடும்வரை மிஷின் ஓடக் கூடாது.

பலருக்குத் தெரியாத ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஹோஸில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்தால் எண்ணெய் மயிரிழைபோலப் பீய்ச்சும். எங்கே கசிகிறது என்று கையால் தடவினால் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியதுபோலத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையோ கையையோ எடுக்கும் நிலை வரும். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள். குத்திவிட்டது என்று சந்தேகம் வந்தால் மஞ்சள் தடவிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். சயானில் இருக்கிறவர்களுக்கு இரவிலும் கதவு திறந்திருக்கும் லோகமான்ய திலக் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. ஊரில் இருக்கிற தம்பிக்கு அது இல்லை. அவசர அறுவை வசதியுள்ள மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று மிஷின் வாங்கும் நாளிலேயே பேசி வையுங்கள்.

கோடாலி பிடித்த ஆட்களையும் மறக்கக் கூடாது. ஐம்பது வயதில் தோள்பட்டை தூக்க முடியாமல் போனவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! மிஷின் அவர்களுடைய வலியைக் குறைக்க வர வேண்டும், வாயிலிருக்கும் சோற்றைப் பிடுங்க வரக் கூடாது. எந்தக் கட்டை எந்த இடத்தில் பிளக்கும், கணு எங்கே ஒளிந்திருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மிஷினை ஓட்டும் வேலையை அவர்களுக்கே கொடுங்கள், கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

எங்கே தேடுவது

மும்பையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் நாக்தேவி தெரு இருக்கிறது. பம்ப், வால்வு, ஹோஸ், சீல் என்று ஹைட்ராலிக்கில் எது வேண்டுமானாலும் அந்தச் சந்துகளில் கிடைக்கும். மிஷினை ஊரில் வாங்கினாலும் இங்கிருந்து ஒரு சீல் செட்டும் இரண்டு ஹோஸும் வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிண்டரை வைத்து மிஷின் கட்டலாம் என்று சொல்லுவார்கள். தண்டில் கீறல் இருந்தால் எந்த சீலும் நிற்காது. தண்டை வெயிலில் பிடித்து, நகத்தால் வருடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கோயம்புத்தூரிலும் ராஜ்கோட்டிலும் சொன்ன அளவில் கட்டித் தரும் பட்டறைகள் உண்டு. அவர்களிடம் போகும்போது "பத்து டன்" என்று சொல்லாதீர்கள். சிலிண்டரின் உள்விட்டம், பிஸ்டன் ஓடும் நீளம், பம்பின் லிட்டர், தொட்டியின் கொள்ளளவு ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கேளுங்கள். தொட்டி சின்னதாக இருந்தால் எண்ணெய் சூடேறி சீல் வெந்துவிடும். 25 லிட்டர் பம்புக்கு 40 லிட்டருக்குக் குறையாத தொட்டி இருப்பது நல்லது. ஆப்பு நிற்கும் இரும்பு பீமும் தடிமனாக இருக்க வேண்டும், ஏனென்றால் 12 டன் கட்டையை மட்டும் தள்ளுவதில்லை, பீமையும் வளைக்கப் பார்க்கும். கட்டை வைக்கும் மேடை இடுப்பு உயரத்தில் இருந்தால் முதுகு பிழைக்கும். தூக்க முடியாத கனக் கட்டைகள் அதிகம் என்றால் நிமிர்ந்து நிற்கும் மாடலைப் பாருங்கள், கட்டையைத் தரையிலேயே உருட்டி வைக்கலாம்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று வண்டி விறகுதான் என்றால் மிஷினே வாங்க வேண்டாம். ஊரில் நாலு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை எந்திரங்களை வாடகைக்குக் கொடுக்கிறது. உங்கள் வட்டார அலுவலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று அரசின் உழவன் செயலியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இலவச மின்சாரம் பாசன மோட்டாருக்கானது, அதில் விறகு மிஷினை மாட்ட யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மரத்தை வெட்டுமுன் அனுமதி தேவையா என்று விசாரிப்பதும் முக்கியம். நீலகிரி போன்ற மலைப் பகுதிகளில் 1955-லிருந்தே மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மும்பையில் 1975-ன் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் நம் சொஸைட்டி வாசல் மரத்துக்கும் பொருந்தும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டிராக்டர் கையேட்டிலிருந்து பம்பின் லிட்டரையும், அழுத்தத்தையும், பி.டி.ஓ. சக்தியையும், பின்தூக்கு எடையையும் குறித்து வாருங்கள். விலை பேசி முடித்து அட்வான்ஸ் கொடுக்குமுன், உங்கள் டிராக்டரிலேயே மாட்டி, உங்கள் தோட்டத்துக் கணு விழுந்த புளியங்கட்டை ஒன்றைப் பிளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரே ஆள் நிற்க வேண்டும், இரண்டு கையும் லீவரில் இருக்க வேண்டும். அப்படிக் காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.